எடையில்லாத மாதங்கள்: விண்வெளியில் நெடுங்காலம் வாழும்போது உடலுக்கும் மனத்துக்கும் என்ன ஆகிறது?

விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் மிதப்பதைக் காணொளிகளில் பார்க்கும்போது, அங்கே ஈர்ப்பு விசையே இல்லை என்று நம்மில் பலரும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், தரையில் உள்ள ஈர்ப்பு விசையில் ஏறத்தாழ 90 விழுக்காடு அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தபடியே பூமியை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் விழுகின்ற அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிக்கொண்டே போவதால், தரையை ஒருபோதும் எட்டுவதில்லை. கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழும் வாளியில் இருக்கும் நீர் வாளியின் அடியை அழுத்துவதில்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. விண்வெளி வீரரின் உடலுக்கும் இதுவே நேர்கிறது. பாதம் எதையும் அழுத்துவதில்லை. முதுகெலும்பு தலையைச் சுமப்பதில்லை. இதயம் ரத்தத்தை மேல்நோக்கி ஏற்றப் பாடுபட வேண்டியதில்லை.

இதற்குப் பின் உடலில் நிகழும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றை நோய் என்று சொல்வது பொருந்தாது. எடை என்ற ஒன்று இல்லாத இடத்துக்கு உடல் தன்னைச் சரியாகவே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் முழுமையாக நடந்த பிறகு மீண்டும் எடை உள்ள இடத்துக்குத் திரும்ப வேண்டியிருப்பதுதான் சிக்கல். நீண்டகால விண்வெளி வாழ்க்கையைப் பற்றிய மருத்துவ முயற்சிகளில் பெரும்பகுதி, உடலை அங்கே முற்றிலும் பழகிவிடாமல் தடுத்து வைக்கும் முயற்சிதான்.

நீண்டகாலம் என்றால் எவ்வளவு? இன்று விண்வெளி நிலையத்துக்குச் செல்லும் ஒரு குழு வழக்கமாக ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்குகிறது. ஒரே பயணத்தில் மிக அதிக நாள் இருந்தவர் ரஷ்ய மருத்துவர் வலேரி பொல்யகோவ். 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 437 நாட்கள் வாழ்ந்தார். அமெரிக்கரான ஃபிராங்க் ரூபியோ 371 நாட்களும், ஸ்காட் கெல்லி 340 நாட்களும் ஒரே மூச்சில் இருந்திருக்கிறார்கள். ஐந்து பயணங்களையும் கூட்டினால் 1,111 நாட்கள் விண்வெளியில் கழித்தவர் ரஷ்ய வீரர் ஒலெக் கொனொனென்கோ. 2024 ஜூன் மாதம் ஏறத்தாழ ஒரு வாரப் பயணமாகக் கிளம்பி, சென்ற ஓடத்தில் ஏற்பட்ட கோளாறுகளால் 286 நாட்கள் தங்க நேர்ந்த சுனிதா வில்லியம்ஸின் பெயர் நமக்கெல்லாம் தெரியும்.

முதல் சில நாட்கள் பெரும்பாலோருக்குக் குமட்டலில் கழிகின்றன. உடலின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு உட்செவியில் இருக்கிறது. எது மேல், எது கீழ் என்று அது ஈர்ப்பைக் கொண்டே அறிகிறது. அந்தத் தகவல் நின்றுபோக, கண் ஒன்றைச் சொல்ல, செவி வேறொன்றைச் சொல்ல, மூளை குழம்புகிறது. முதன்முறை செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் குழப்பம் வாந்தியிலும் தலைவலியிலும் முடிகிறது. இரண்டு மூன்று நாட்களில் மூளை உட்செவியின் சொல்லைப் பொருட்படுத்தாமல் கண்ணை மட்டும் நம்பக் கற்றுக்கொள்கிறது, குமட்டலும் நின்றுவிடுகிறது.

அதே நாட்களில் உடலின் நீரும் இடம் மாறுகிறது. தரையில் கால்களை நோக்கி இறங்கும் ரத்தமும் மற்ற நீர்மங்களும் இப்போது மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடுவதால், முகம் உப்பி, கால்கள் மெலிந்து தெரிகின்றன. மூக்கு நிரந்தரமாகச் சளிபிடித்ததுபோல் அடைத்துக்கொள்கிறது. மணம் குறைந்தால் சுவையும் குறையும் என்பதால், வீட்டில் காரம் தொடாதவர்கள்கூட அங்கே காரமான சாற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி உடல் தன் ரத்த நீரின் அளவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது. அந்த அளவு அங்கே போதுமானது. பூமியில் எழுந்து நிற்கும்போதுதான் அது போதாது என்பது தெரியவரும்.

எலும்புகளில் நிகழ்வது இவற்றைவிட மெதுவானது, ஆனால் கனமானது. நம் எலும்பு ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட தூண் அன்று. அதை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தபடி இருக்கின்றன. எந்த இடத்தில் சுமை விழுகிறதோ அந்த இடத்தில் கட்டுமானம் மிகும். சுமையே இல்லாதபோது கட்டும் வேலை தளர்கிறது, அரிக்கும் வேலை தொடர்கிறது. தடுப்பு முயற்சி ஏதும் இல்லாவிட்டால், இடுப்பு எலும்பைப் போன்று உடலைத் தாங்கும் எலும்புகள் ஒரு மாதத்தில் 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கின்றன. பூமியில் வயது முதிர்ந்தவர்கள் ஏறத்தாழ இதே அளவை இழக்க ஓர் ஆண்டு ஆகிறது. எலும்பிலிருந்து கரைந்த கால்சியம் சிறுநீர் வழியாக வெளியேறும்போது சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. கெண்டைக்கால், தொடை, முதுகு ஆகியவற்றின் தசைகளும் வேலையில்லாததால் மெலிகின்றன.

இது எவ்வளவு தீவிரமானது என்பது 1970 ஜூன் மாதத்தில் தெரிந்தது. சோவியத் வீரர்களான நிக்கொலயேவும் செவஸ்தியானவும் சோயுஸ் 9 விண்கலத்தில் 18 நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, தாங்களாக எழுந்து நடக்க முடியாத நிலையில் இருந்தார்கள். பதினெட்டே நாட்கள். ஓராண்டுக்கும் மேல் தங்கிவிட்டு வருபவர்கள் இன்று அவர்களைவிட நல்ல நிலையில் வந்து சேர்கிறார்கள் என்றால், அதற்கு முதன்மையான காரணம் உடற்பயிற்சி. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் கருவிகளை ஆயத்தம் செய்யும் நேரமும் சேர்த்து ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். எடையில்லாத இடத்தில் இரும்புக் குண்டுகளைத் தூக்குவதில் பயன் இல்லை என்பதால், வெற்றிட உருளைகளை இழுத்து, 270 கிலோகிராம் வரையிலான சுமைக்கு ஈடான எதிர்ப்பைத் தரும் கருவி ஒன்று 2008-ஆம் ஆண்டு இறுதியில் அங்கே கொண்டு செல்லப்பட்டது. டிரெட்மில்லில் ஓடுபவர் மிதந்து போய்விடாமல் இருக்க, தோளிலும் இடுப்பிலும் வார்களைப் பூட்டி அவரைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அந்த வார்கள் உடலில் அழுந்தி வலி உண்டாக்குவது அன்றாட அனுபவம். காணொளிகளில் இந்தப் பயிற்சி ஒரு பொழுதுபோக்குபோல் தோன்றக்கூடும். என் பார்வையில், அந்த நிலையத்தில் நடக்கும் வேலைகளிலேயே மிகவும் சலிப்பூட்டுவதும் ஒருநாளும் தவிர்க்கக் கூடாததும் இதுதான்.

சிறிய மாற்றங்களும் உண்டு. முதுகெலும்பின் மீது அழுத்தம் இல்லாததால் உயரம் சில சென்டிமீட்டர் கூடுகிறது, கூடவே முதுகுவலியும் வருகிறது. நடப்பதே இல்லை என்பதால் உள்ளங்காலின் தடித்த தோல் சில வாரங்களில் உரிந்து, குழந்தையின் பாதம்போல் மென்மையாகிவிடுகிறது. ஓரிடத்தில் நிற்பதற்குக் கைப்பிடிக் கம்பிகளுக்கு அடியில் காலை நுழைத்துக்கொள்வதால், பாதத்தின் மேற்புறம் காய்த்துப்போகிறது.

உடற்பயிற்சியால் சரிசெய்ய முடியாத சில சேதங்கள் இருக்கின்றன. மருத்துவர்களை இன்று அதிகம் கவலைப்பட வைப்பவை அவைதான். முதலாவது கண். நீண்டகாலம் தங்குவோரில் பலருக்குக் கண்விழியின் பின்புறம் தட்டையாகி, பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடம் வீங்குகிறது. அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியத் தொடங்குகின்றன. அதனால் சற்றே கூடுதல் ஆற்றல் கொண்ட கண்ணாடிகளை முன்கூட்டியே எடுத்துச் செல்கிறார்கள். தலைக்கு ஏறும் நீர்மங்களே இதற்கு அடிப்படை என்று கருதப்படுகிறது. அதே நீர்ம மாற்றத்தின் இன்னொரு விளைவு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது: 11 பேரைச் சோதித்தபோது, சிலருக்குக் கழுத்தின் ரத்தக்குழாயில் ரத்தம் தேங்கி நின்றதும் பின்னோக்கி ஓடியதும்கூடக் காணப்பட்டன, ஒருவருக்கு அங்கே ரத்தக்கட்டியே உருவாகியிருந்தது. தரையிலிருந்த மருத்துவர்களின் வழிகாட்டுதலில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் கொண்டு அவருக்கு நிலையத்திலேயே சிகிச்சை தரப்பட்டது.

அடுத்தது கதிர்வீச்சு. பூமியில் நாம் ஓர் ஆண்டில் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், நிலையத்தில் ஆறு மாதம் இருப்பவர் 50 முதல் 100 மில்லிசீவர்ட் வரை பெறுகிறார். பூமியின் காந்தப்புலம் அங்கேயும் பெருமளவு காப்பளிக்கிறது, ஆனால் முழுமையாக அன்று. கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது திடீர் திடீரென ஒளிக்கீற்றுகள் தோன்றுவதாகப் பல வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அண்டக் கதிர்த் துகள்கள் விழித்திரையைத் துளைத்துச் செல்வதன் விளைவு அது.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டால், இரைச்சலோடு இருக்கும் என்பதுதான் முதல் பதில். விண்வெளி என்றதும் அமைதி என்று நாம் கற்பனை செய்கிறோம், ஆனால் நிலையத்துக்குள் மின்விசிறிகள் ஒரு கணமும் நிற்பதில்லை. அவை நிற்கவும் கூடாது. எடையில்லாத இடத்தில் வெப்பக் காற்று மேலே எழுவதில்லை. விசிறி இல்லாவிட்டால் உறங்குபவர் வெளிவிட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தங்கி, அவர் தன் மூச்சையே மீண்டும் மீண்டும் இழுக்க நேரிடும். விசிறிகள் ஓடியும்கூட, நிலையத்தின் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு பூமியில் இருப்பதைப்போல் பல மடங்கு இருப்பதால் தலைவலி வருவதுண்டு. உறங்கும் இடம் ஒருவர் நிற்கும் அளவேயான சிறிய அறை. சுவரில் கட்டிய உறக்கப் பைக்குள் நுழைந்து உறங்க வேண்டும். 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் நாளொன்றுக்கு 16 முறை சூரியன் உதிக்கிறது, 16 முறை மறைகிறது. இரவு என்பதைக் கடிகாரம்தான் சொல்ல வேண்டும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அங்கே இருப்பவர்கள் சராசரியாக ஆறு மணி நேரமே தூங்குகிறார்கள். நான்கில் மூன்று பேர் தூக்க மாத்திரையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

குளியல் இல்லை, ஈரத் துண்டால் துடைத்துக்கொள்ள வேண்டும். துணி துவைப்பதும் இல்லை; உடுத்திப் பழையதான ஆடைகள் குப்பையோடு சேர்ந்து, சரக்கு விண்கலம் வளிமண்டலத்தில் எரியும்போது எரிந்துபோகின்றன. சிறுநீரும் வியர்வையும் தூய்மையாக்கப்பட்டுக் குடிநீராகின்றன. 2023-இல் அமெரிக்கப் பகுதியின் கருவிகள் 98 விழுக்காடு நீரை மீட்கும் நிலையை எட்டின.

உடலைப் பற்றி இவ்வளவு அளவுகளைச் சொல்ல முடிகிறது. மனத்தைப் பற்றிய அளவுகள் குறைவு. அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. சோர்வாக இருக்கிறேன், சக வீரரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்று ஒருவர் மருத்துவரிடம் மனம் திறந்து சொன்னால், அடுத்த பயணத்துக்கான வாய்ப்பை இழக்கக்கூடும் என்ற அச்சம் அவருக்கு இருக்கும். எனவே தேர்வுப் படிவங்களைவிட, நாட்குறிப்புகளும் ஓய்வுபெற்ற பின் கொடுத்த நேர்காணல்களும் நமக்குக் கூடுதலாகச் சொல்கின்றன.

இதில் தன்னையே சோதனைக்கு உட்படுத்தியவர் பொல்யகோவ். அவருடைய மனநிலையையும் செயல்திறனையும் பயணத்துக்கு முன்பும், பயணத்தின்போதும், அதன் பின்பும் தொடர்ந்து அளந்தார்கள். முதல் மூன்று வாரங்களில் மனநிலை சரிந்தது, வேலைச்சுமை மிகுந்ததாகத் தோன்றியது. அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக அவர் நிலையாகவே இருந்தார். மீண்டும் சரிவு தென்பட்டது பூமிக்குத் திரும்பிய முதல் இரண்டு வாரங்களில்தான். ஒரு தனி மனிதரின் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது. ஆனாலும், நாட்கள் கூடக்கூட மனம் உடைந்துகொண்டே போகும் என்ற பரவலான எண்ணத்துக்கு இது பொருந்தவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

வேலைச்சுமை மனத்தை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் கடைசிக் குழு நல்ல எடுத்துக்காட்டு. 1973 நவம்பரில் சென்ற கார், கிப்சன், போக் ஆகிய மூவருக்கும் அதுவே முதல் பயணம். அவர்களுக்கு முன் இருந்த குழு பழகித் தேர்ந்த பின் எட்டிய வேகத்தை முதல் நாளிலிருந்தே இவர்களிடம் எதிர்பார்த்து, நிமிடக் கணக்கில் வேலைப் பட்டியல் போட்டார்கள். மூவரும் ஓய்வு நாட்களிலும் உழைத்தார்கள், தவறுகள் செய்தார்கள், தரையோடு உரசல் வளர்ந்தது. டிசம்பர் இறுதியில் இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசிக்கொண்ட பின் பட்டியல் தளர்த்தப்பட்டது. 84 நாள் பயணம் நல்ல விளைச்சலோடு முடிந்தது. அவர்கள் வானொலியை அணைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள் என்ற கதை இன்றும் சுற்றி வருகிறது. சம்பந்தப்பட்டவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். கதை பொய்யானாலும், அதன் பின் நாசா பணிநேரத்தைத் திட்டமிடும் முறை மாறியது உண்மை.

சிறிய இடத்தில் சில முகங்களையே நாள்தோறும் பார்ப்பது ஒரு துன்பம் என்றால், நேசிப்பவர்களின் முகங்களைப் பார்க்க முடியாதது பெருந்துன்பம். 2007 டிசம்பரில் அமெரிக்க வீரர் டேனியல் டானி சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தார். அந்த மாதமே அவர் திரும்பியிருக்க வேண்டும்; அவரை அழைத்துவர வேண்டிய விண்ணோடத்தின் புறப்பாடு எரிபொருள் உணரிக் கோளாறால் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளியில் அவருடைய தாயார் விபத்தில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வரும் வழி அவருக்கு இல்லை. 2008 பிப்ரவரியில்தான் அவரால் திரும்ப முடிந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று, பூமிக்கு வெளியே இருந்த ஒரே அமெரிக்கர் ஃபிராங்க் கல்பர்ட்சன். நியூயார்க் நகரத்திலிருந்து எழுந்த புகையை அவர் சாளரத்தின் வழியே பார்த்துப் படமெடுத்தார். கடத்தப்பட்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் மீது மோதிய விமானத்தின் விமானி தன்னோடு கடற்படைக் கல்லூரியில் படித்தவர் என்பதை அதன் பிறகு அறிந்தார். ஊரில் ஒரு துயரம் நேரும்போது தொலைவில் இருக்க நேர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தவிப்பு இது. வேறுபாடு, விமானச் சீட்டு எடுத்து ஓடிவர முடியாது என்பது மட்டுமே.

அதனால்தான் மனநலத்துக்கான ஏற்பாடுகள் பெரும்பாலும் குடும்பத்தைச் சுற்றியே அமைகின்றன. வீரர்கள் நிலையத்திலிருந்து இணையத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசலாம். வாரந்தோறும் குடும்பத்தினரைக் காணொளியில் காணலாம். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை உளவியலாளரோடு தனியாக உரையாடலாம். சரக்குக் கலம் வரும்போது வீட்டார் அனுப்பிய பொருட்களும் புதிய பழங்களும் வருகின்றன. எந்தத் திட்டத்திலும் எழுதப்படாத மருந்து ஒன்றும் உண்டு. 2010-இல் பொருத்தப்பட்ட கூபலா என்ற ஏழு சாளரங்கள் கொண்ட மாடத்தில் மிதந்தபடி பூமியைப் பார்ப்பதும் படமெடுப்பதும் அங்கே பலர் தாமாக விரும்பிச் செய்யும் செயல். எல்லைக் கோடுகள் இல்லாத ஒரே நிலமாகப் பூமியைப் பார்த்தபோது தங்கள் எண்ணமே மாறியதாகப் பலர் கூறியிருக்கிறார்கள். அந்த மனமாற்றம் ஊர் திரும்பிய பிறகும் எத்தனை பேருக்கு நிலைக்கிறது என்பது வேறு கேள்வி.

எதிர்பார்ப்பும் அனுபவத்தை மாற்றுகிறது. ஆறு மாதத்துக்கெனச் சென்ற ரூபியோவின் சோயுஸ் கலத்தில் குளிர்விப்பு நீர்மம் கசிந்துவிட்டதால் அவருடைய பயணம் ஓராண்டைத் தாண்டியது. ஓராண்டு ஆகும் என்று முன்பே கேட்டிருந்தால், குடும்பச் சூழல் காரணமாக ஒருவேளை மறுத்திருப்பேன் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு வாரத்துக்கெனச் சென்ற சுனிதாவோ, இது எனக்கு மகிழ்ச்சியான இடம் என்றார். இரண்டு கூற்றுகளும் உண்மையே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது, அங்கே பழகிய எல்லாவற்றுக்கும் உடல் விலை கொடுக்கிறது. குறைந்துபோன ரத்த நீர் காரணமாக எழுந்து நின்றால் மயக்கம் வரும் என்பதால், இறங்குவதற்கு முன் உப்பும் நீரும் உட்கொண்டு, கால்களை இறுக்கும் உடையை அணிந்துகொள்கிறார்கள். உட்செவியின் சொல்லை மறந்திருந்த மூளைக்குத் தலையைத் திருப்பினாலே உலகம் சுழல்கிறது. கையில் உள்ள பொருளைக் காற்றில் விட்டால் அது அங்கேயே நிற்கும் என்ற பழக்கம் போகாமல், கோப்பைகளைக் கீழே போடுவார்கள். ஸ்காட் கெல்லிக்குக் கால்கள் வீங்கின. பல மாதங்களாக உடையின் அழுத்தத்தையே உணராத தோலில், உட்கார்ந்த இடமும் படுத்த இடமும் தடித்துச் சிவந்தன. அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்ததால் இருவரையும் ஒப்பிட்டு ஆராய முடிந்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயணத்தின்போது மாறிய மரபணுச் செயல்பாடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு மாதங்களில் பழைய நிலைக்கு வந்தன. ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் வேகமும் துல்லியமும் திரும்பி வந்த பின் குறைந்திருந்தன. எலும்புகளின் கணக்கு இன்னும் நீளமானது. 17 வீரர்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான முடிவுகளின்படி, திரும்பி ஓராண்டு கழித்தும் பலருடைய கணுக்கால் பக்கத்து எலும்பு முழு வலிமையைப் பெறவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களுக்கு மீட்சி இன்னும் குறைவாக இருந்தது.

செவ்வாய்ப் பயணம் பற்றிப் பேசும்போது இவை அனைத்தும் ஒன்றாக வந்து நிற்கின்றன. போய்வர இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகலாம். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்ததைக் கொண்டு கணக்கிட்டால், போக்குவரவுக்கு மட்டுமே ஏறத்தாழ 660 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேரும். நாசா ஒரு வீரரின் பணிக்காலம் முழுமைக்கும் வகுத்துள்ள வரம்பு 600. ஒரு செய்தி பூமிக்குச் சென்று சேர 20 நிமிடங்களுக்கு மேல் ஆகக்கூடிய தொலைவில் வீட்டாரோடு உரையாடல் என்பதே நடக்காது. கடிதங்கள்தான் எழுதிக்கொள்ள முடியும். சாளரத்தில் பூமி ஒரு புள்ளியாகத்தான் தெரியும். 2010-11-இல் மாஸ்கோவில் ஆறு பேரை 520 நாட்கள் மூடிய கூடத்தில் வைத்து நடத்திய ஒத்திகையில், பெரும்பாலோரின் தூக்கமோ விழிப்புணர்வோ ஏதோ ஒரு வகையில் கெட்டது. அந்த ஆறு பேரும் பூமியில்தான் இருந்தார்கள், எடையோடுதான் இருந்தார்கள். செவ்வாயில் இறங்குபவர்களைக் கலத்திலிருந்து தூக்கிவிட அங்கே யாரும் காத்திருக்கப்போவதில்லை என்பதைப் பொல்யகோவ் மனத்தில் வைத்திருந்தார். 437 நாட்களுக்குப் பிறகு கஜகஸ்தானில் தரையிறங்கியபோது, வழக்கப்படி தன்னைத் தூக்கிச் செல்ல விடாமல், கலத்துக்கு அருகே போட்டிருந்த நாற்காலி வரை அவர் தானே நடந்து சென்றார்.